ஒப்பீட்டுக்கு வந்தவள்

சட்டை ஒரு பக்கம் இறங்கித் தொங்குகிறது என்று அண்ணன் சொன்னார்.

நான் தையல் வேலை செய்பவள். ஈப்போ நகரின் சிலிபின் பகுதியில், எங்கள் வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு, பள்ளிச் சீருடை, ரவிக்கை, சட்டை என்று முப்பது வருடங்களாகத் தைத்து வருகிறேன். அந்தச் சட்டையையும் நான்தான் தைத்தேன். அளவு நாடாவை எடுத்து இரண்டு பக்கமும் அளந்தேன். கால் அங்குல வித்தியாசம்கூட இல்லை. “சட்டை சரியாத்தான் இருக்குண்ணே” என்றேன். அவர் கண்ணாடி முன்னால் போய் நின்றார். வலது ஓரம் கீழே இறங்கித்தான் இருந்தது. அப்போதுதான் சட்டையை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன். அவருடைய வலது தோள் இறங்கியிருந்தது.

அண்ணன் பெயர் அந்தோணி. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஜெலாப்பாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணி இறந்த பிறகு என் வீட்டுக்கு வந்துவிட்டார். என் கணவர் அதற்கும் முன்பே இறந்துவிட்டார். என் ஒரே மகள் ஜெனிஃபருக்குப் பினாங்கில் வேலை. அதனால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

தோள் இறங்கியதற்கு வேலையைக் காரணம் சொன்னோம். பிறகு வலது செருப்பின் முன்பக்கம் மட்டும் தேய்ந்தது. நடக்கும்போது வலது கை பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அசையாமல் வந்தது. கிடங்கில் அவர் போடும் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சுருங்கிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எங்களிடம் இருந்தது. எட்டு மாதங்கள் இப்படிப் போயின.

நான்காவதாகப் போன கிளினிக்கில்தான் ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள். அங்கே நரம்பியல் மருத்துவர் அண்ணனின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார். முதல் நான்கைந்து தட்டு நன்றாக இருந்தது. பிறகு விரல்கள் விரியும் தூரம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. எழுந்து நடக்கச் சொன்னார். பின்னால் நின்று தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பார்க்கின்சன் நோய் (மூளையில் டோப்பமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிவதால் உடலின் அசைவுகள் குறைந்துபோகும் நோய்) என்றார்.

வெளியே வந்ததும், எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிவரும் ‘லா’வோடு, அண்ணன் கேட்டது ஒன்றுதான். “ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கல. வெரலத் தட்டுன்னு சொல்லிட்டு நோய்ப் பேரச் சொல்றாரு. இது எப்டி லா சரியா இருக்கும்?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சர்க்கரை வியாதிக்கு ஓர் எண் உண்டு. ரத்தக் கொதிப்புக்கு ஓர் எண் உண்டு. கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று நம் ஆட்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறோம். பார்க்கின்சனுக்கு அப்படி எதுவும் கிடையாது. மருத்துவரின் கண்தான் கணக்கு. இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள்.

லெவோடோப்பா மாத்திரை (உடலுக்குள் போய் டோப்பமினாக மாறுவது) தொடங்கினார்கள். முதல் இரண்டு வருடம் அது நன்றாகவே வேலை செய்தது. அண்ணன் கிடங்கில் வேலையைத் தொடர்ந்தார். பிறகு மாத்திரையின் தாக்கம் அடுத்த மாத்திரை வரை தாங்கவில்லை. வேளை மூன்றிலிருந்து ஐந்தாயிற்று. மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு போட்டால் பாதி வேலைதான் செய்யும். என் மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டினேன். ஏழு, பத்து, ஒன்று, நான்கு, ஏழு. என் நாள் அந்த ஐந்து மணிகளுக்கு இடையில் துண்டு துண்டாகிவிட்டது.

அவர் வேலையை விட்டார். கார் ஓட்டுவதை விட்டார். குரல் தணிந்துகொண்டே வந்தது. பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்காது என்பதால் ஒரு சிறிய மணியை வாங்கிக் கொடுத்தேன். அதன் சத்தம் கேட்டு எத்தனை முறை தையலைப் பாதியில் விட்டு எழுந்தேன் என்று சொல்ல முடியாது. எரிச்சல் வந்தது. சில நாட்களில் மணி கேட்டும் இரண்டு நிமிடம் வேண்டுமென்றே உட்கார்ந்திருந்தேன். கவனித்துக்கொள்பவர்கள் இதை வெளியே சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

ஆராய்ச்சி ஒன்றில் சேர விருப்பமா என்று ஈப்போ மருத்துவர் கேட்டபோது நோய்க்கு மூன்று வயது. தலைநகரில் ஒரு மருத்துவமனையில் நடக்கிறது என்றார். உயிர்க்குறிப்பான்களை (ரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் மூளைப் படத்திலும் கிடைக்கும், நோயின் போக்கை அளந்து காட்டக்கூடிய அடையாளங்கள்) வைத்து, நோய் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று பார்க்கிறார்கள். புது மருந்து கிடையாது. குணமாகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

நான் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஈப்போவுக்குள் போய்வருவதே எனக்கு ஒரு நாள் வேலை. ஆனால் அண்ணன் உடனே சரி என்றார். கூடவே இன்னொன்றும் கேட்டார். நோய் இல்லாதவர்களும் ஒப்பீட்டுக்குத் தேவைப்படுவார்களா?

“தேவைதான். உங்க வயசுக்குப் பக்கத்துல, ஒரே சூழ்நிலையில வளர்ந்தவங்களா இருந்தா ரொம்ப நல்லது” என்றார் மருத்துவர்.

“அப்ப தங்கச்சியும் வரட்டும்.”

“எனக்கு எதுக்குண்ணே ஊசி?” என்றேன்.

“எப்டியும் தொணைக்கு வரத்தான் போற. வந்துட்டு சும்மாவா ஒக்காந்திருப்ப? சேந்துக்க லா.”

அவர் அதிகம் வற்புறுத்துகிறவர் அல்ல. அன்று வற்புறுத்தினார். தனியாக ஊசி குத்திக்கொள்ளப் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சம்மதித்தேன்.

தலைநகர் மருத்துவமனையில் எங்களுக்குப் பழக்கமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆராய்ச்சி மருத்துவர் டாக்டர் சியா. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி மலாயில் பேசுவார். அவர் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன். இன்னொருவர் மிஸ்ஸி ராணி. நர்சுகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். ராணி தைப்பிங் பக்கத்துப் பிள்ளை, நாற்பது வயதிருக்கும்.

முதல் நாள் டாக்டர் சியா எங்கள் பழைய கதையை எல்லாம் கேட்டார். எங்கே பிறந்தீர்கள், என்ன தண்ணீர் குடித்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள். செம்மோரைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டம் என்றோம். இப்போது அங்கே தோட்டமே இல்லை, வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. பள்ளி விடுமுறையில் இருவரும் புல்லுக்கு மருந்து அடிக்கப் போவோம் என்று அண்ணன் சொன்னார். முதுகில் பம்பு. வாயில் ஒரு துணி. பம்பு கசிந்து முதுகெல்லாம் நீலப்பச்சையாக நனைந்திருக்கும். அப்படியே வீட்டுக்கு வந்து சாப்பிடுவோம். அந்த மருந்து இப்போது நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது.

“அதனாலதான் வந்துச்சா டாக்டர்?” என்று அண்ணன் கேட்டார்.

டாக்டர் சியா பேனாவைக் கீழே வைத்தார். “அந்த மாதிரி மருந்துகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் உங்களுக்கு அதனால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் முடியாது.”

அண்ணன் தலையாட்டினார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. பதில் இல்லாத கேள்விகளைச் சீக்கிரம் கீழே வைத்துவிடுவது அவருக்கு இயல்பு. எனக்கு அது வராது.

ஒப்புதல் படிவம் பன்னிரண்டு பக்கம். மிஸ்ஸி ராணி ஒவ்வொரு பக்கமாகச் சொல்லி வந்தார். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கட்டம். சோதனையில் உங்கள் உடல்நலம் பற்றி ஏதாவது தெரியவந்தால் உங்களுக்குச் சொல்லலாமா, வேண்டாமா. அண்ணனின் பத்து மணி மாத்திரைக்கு நேரமாகிவிட்டது. தண்ணீர்ப் போத்தலைத் தேடிக்கொண்டே ‘சொல்லலாம்’ என்ற கட்டத்தில் அடையாளம் போட்டேன். என் பிற்பாதி வாழ்க்கையின் பெரிய முடிவை எடுக்க எனக்கு ஆன நேரம் அவ்வளவுதான்.

பிறகு சோதனைகள். முதுகுத்தண்டு நீர் எடுக்க, இடுப்புக்கு மேலே இரண்டு எலும்புகளுக்கு நடுவில் ஊசியை இறக்குவார்கள். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு படுக்க வேண்டும். மரத்துப்போக மருந்து போடுவதால் வலி பெரிதாக இல்லை. ஓர் அழுத்தம் மட்டும் தெரியும். எனக்கு இரண்டு நாள் தலைவலி இருந்தது. அண்ணனுக்கு ஒன்றுமில்லை. ரத்தத்தில் நரம்பிழைப் புரதத்தை (நரம்பணுக்கள் சேதமடையும்போது ரத்தத்தில் கூடும் பொருள்) பார்த்தார்கள். அண்ணனுக்கு மூளைப் படம் எடுத்தார்கள். மணிக்கட்டில் கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டி, இரண்டு வாரம் கழற்றக் கூடாது என்றார்கள். அது ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்யும்.

வாசனைச் சோதனையும் இருந்தது. சின்னச் சின்னக் குப்பிகள். மூடியைத் திறந்து முகர வேண்டும். நான்கு பெயர்களில் எது என்று சொல்ல வேண்டும். அண்ணனுக்குப் பல வருடமாக வாசனை தெரியாது. பார்க்கின்சன் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான், கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே மூக்கு போய்விடும் என்று மிஸ்ஸி விளக்கினார். பிறகு என் முறை. ஒரு குப்பியை முகர்ந்து சோப்பு என்றேன்.

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். “நல்லா மோந்து பாருங்கக்கா.”

மறுபடி முகர்ந்தேன். “சோப்புதான்.”

அவர் எதையோ எழுதிக்கொண்டார். வெளியே வரும்போது, அது என்ன என்று கேட்டேன். சொல்லக் கூடாது என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டு, “டுரியான்க்கா” என்றார்.

எங்கள் பேராக் மாநிலத்தில் பிறந்தவளுக்கு, தெருமுனையிலேயே மூக்கைத் துளைக்கும் டுரியான் பழத்தின் வாசனை தெரியவில்லை என்றால் யாரும் சிரிப்பார்கள். நானும் ரயிலில் அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன். சளி பிடித்திருந்தது என்றும் சொல்லிக்கொண்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு முந்தைய மாதம்தான் அடுப்பில் சோறு அடிப்பிடித்துக் கருகி, பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டிச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மெஷின் சத்தத்தில் கவனிக்கவில்லை என்று அப்போது சொன்னேன். மெஷின் சத்தத்துக்கும் மூக்குக்கும் என்ன தொடர்பு என்று நான் யோசிக்கவில்லை.

அந்த ரயில் பயணங்கள்தான் என்னைத் தேய்த்தன. இரண்டரை மணி நேரம்தான். ஆனால் ஏறுவதும் இறங்குவதும் இருக்கிறதே. ஆராய்ச்சியின் இரண்டாவது வருடத்தில் அண்ணனுக்கு உறைநிலை (நடந்துகொண்டிருக்கும்போதே பாதங்கள் தரையில் ஒட்டிக்கொண்டது போல அசைய மறுப்பது) வரத் தொடங்கியது. அது குறுகலான இடங்களில்தான் வரும். கதவு, லிப்ட், ரயிலுக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள சந்து.

ஒருமுறை ஈப்போ ஸ்டேஷனில் இறங்கும்போது பெட்டியின் வாசலில் நின்றுவிட்டார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். “போங்கண்ணே” என்றேன். முடியவில்லை. அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும் என்று தெரிந்தும் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். உடம்பு முன்னால் சாய்ந்தது, பாதம் வரவில்லை. ஒரு மலாய்க்காரப் பெண்மணி, சாபார் என்று என் தோளைத் தொட்டார். பொறுமை என்று அர்த்தம். அது எனக்கா அண்ணனுக்கா தெரியவில்லை. மிஸ்ஸி சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. முன்னால் போய் என் காலை அவர் பாதத்துக்குக் குறுக்கே வைத்தேன். “என் காலத் தாண்டுங்க” என்றேன். தாண்டினார். நடக்க முடியாதவர் தாண்டிவிடுவார். மூளையில் நடப்பதற்கு ஒரு வழி, தாண்டுவதற்கு வேறொரு வழியாம். உங்களுக்கும் இது உதவலாம்.

ஆராய்ச்சியில் சேர்ந்து ஒன்றரை வருடம் கழித்து, எண்கள் என்ன சொல்கின்றன என்று அண்ணன் கேட்டார். ஆராய்ச்சியில் எல்லா முடிவுகளையும் சொல்ல மாட்டார்கள். சொல்லக்கூடியதை டாக்டர் சியா சொன்னார். மூளைப் படத்தில் டோப்பமின் பகுதி நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் ரத்தத்திலுள்ள நரம்பிழைப் புரதம் அதிகம் ஏறவில்லை, அது நல்லது. கைக் கருவியின் கணக்குப்படி அசைவுகள் போன முறையைவிடச் சற்றுக் கூடியிருக்கின்றன.

“கூடியிருக்கா? போன தடவையவிட நான் மோசமாத்தான் இருக்கேன்.”

“மாத்திரை கூடினதால் வரும் தேவையில்லாத அசைவுகளையும் அது சேர்த்து எண்ணியிருக்கலாம். ஒரே ஓர் எண் முழுதாகச் சொல்லாது. அதனால்தான் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறோம். இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம்.”

“எனக்கு எத்தன வருசம் இருக்கு, அதச் சொல்ல முடியுமா?”

“முடியாது, அங்கிள்.”

“அப்ப எது சொல்றது சரி? படமா, ரத்தமா?”

டாக்டர் சியா தாள்களைத் தள்ளி வைத்தார். பிறகு, “படுக்கையில் நீங்களாகத் திரும்பிப் படுக்க முடிகிறதா?” என்று கேட்டார்.

“முன்ன மாதிரி இல்ல. போர்வையப் பிடிச்சு இழுத்துத்தான்.”

“அதையும் எழுதிக்கொள்கிறேன். அதுவும் ஒரு அளவுதான்.”

நான்கு வருடத்துக்கும் முன், ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கவில்லை என்று குறைப்பட்ட மனிதர் அவர். அதற்குப் பிறகு எத்தனை குப்பி ரத்தம் கொடுத்திருக்கிறார். அன்று திரும்பும் வழியில், தஞ்சோங் மாலிம் தாண்டும்போது ஒரு மணி மாத்திரையைக் கொடுத்தேன். விழுங்கிவிட்டு, “அவங்களுக்கும் தெரியல லா” என்றார். ஏமாற்றமாகச் சொல்லவில்லை. அவர்கள் மேல் இரக்கப்பட்டது போல இருந்தது.

அடுத்த முறை போனபோது, அண்ணன் நடைச் சோதனை அறையில் இருக்கும் நேரம் பார்த்து மிஸ்ஸி ராணி என்னைத் தனியாக அழைத்துப் போனார். டாக்டர் சியா ஒன்பதாம் பக்கத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

“இந்தக் கட்டத்தில் அடையாளம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? இப்போதுகூட மனதை மாற்றிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் இதைப் பற்றிப் பேச மாட்டேன். வழக்கம்போல வந்து போகலாம்.”

இப்படிக் கேட்ட பிறகு வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்? ஏதோ இருக்கிறது என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. “சொல்லுங்க” என்றேன்.

என் முதுகுத்தண்டு நீரில் ஆல்ஃபா-சைனூக்ளின் (நரம்பணுக்களில் இயல்பாக இருக்கும் ஒரு புரதம். இது தவறாக மடிந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அணுக்களைக் கெடுக்கும்) தவறாக மடிந்த வடிவில் இருப்பதாக அவர் சொன்னார். சோதனைக் குழாயில் அதைப் போட்டபோது மற்றப் புரதங்களும் அதன்மேல் ஒட்டிக்கொண்டு பெருகியிருக்கின்றன. சந்தேகப்பட்டு இரண்டாவது முறையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அண்ணனின் நீரிலும் இப்படித்தான் வந்ததாம்.

“எனக்கும் அந்த நோயா?”

“இல்லை. இன்று உங்களுக்கு நோய் என்று நான் பெயர் வைக்க மாட்டேன். இந்தச் சோதனை இருக்கிறதா, இல்லையா என்றுதான் சொல்லும். எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எப்போது வரும், வருமா என்பதைக்கூடச் சொல்லாது. இது இருந்தும் பல வருடம் ஒன்றும் வராமல் இருப்பவர்களும் உண்டு.”

என் இரண்டு கை விரல்களையும் தட்டச் சொன்னார். வலது சரியாக இருந்தது. இடது கொஞ்சம் பின்தங்கியது. ஒரு வருடமாக இடது தோள் தூக்க முடியாமல் இருந்ததற்கு, உறைந்த தோள் என்று சொல்லிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மிஸ்ஸி ராணி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு நான் இன்றும் நன்றியுடன் இருக்கிறேன்.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? சாவு பற்றிய நினைப்பு இல்லை. மகளைப் பற்றியும் இல்லை. அண்ணனுக்கு யார் நகம் வெட்டிவிடுவது என்றுதான். சனிக்கிழமைதோறும் நான்தான் வெட்டிவிடுகிறேன். இரண்டு பேர் கையும் ஆடினால் எப்படி?

அண்ணனிடம் சொல்லவில்லை. அவருக்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன், அந்த ஒருத்தியும் இப்படி என்று எப்படிச் சொல்வது. மூன்று வாரம் வழக்கம்போல இருந்தேன். வழக்கம்போல இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. துணியைப் பிடிக்கும் இடது கையை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பையை எடுத்தால் பார்த்தேன். பல் துலக்கும்போது பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன் அது வெறும் கை. இப்போது அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் அந்நிய ஆள் போல இருந்தது.

ஒரு பிற்பகல் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் நாற்காலியை மெதுவாக என் பக்கம் நகர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“டாக்டர் ஒன்ட்ட என்னா சொன்னாரு?”

“எப்பண்ணே?”

“தனியா கூட்டிட்டுப் போனாங்கல்ல.”

“ஒண்ணும் இல்ல. தலவலி இருந்துச்சான்னு கேட்டாரு.”

அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார். “பொய் சொல்லாத ஸ்டெல்லா. எனக்குத் தெரியும்.”

“என்னா தெரியும்?”

“ரெண்டு வருசத்துக்கு மேலயே தெரியும். பசாருக்குப் போறப்ப நீ முன்னால போற, நான் பின்னால வாரேன். வேற என்னத்தப் பாக்குறது? ஒன் எடது கை ஆடவே மாட்டேங்குது. எனக்கு மொதல்ல அப்டித்தான இருந்துச்சு.”

ஊசியைத் துணியில் குத்தி வைத்தேன். “அதுக்குத்தான் என்னயும் சேரச் சொன்னீங்களா?”

“ஆமா.”

“என்ட்ட சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா என்னா செஞ்சிருப்ப? மெஷின்ல ஒக்காந்து ஒக்காந்து புடிச்சிக்கிச்சுன்னு சொல்லியிருப்ப. நானும் அப்டித்தான எட்டு மாசம் சொன்னேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். இவ்வளவு நீளமாகப் பேச அவருக்கு மூச்சுப் பற்றாது. “நான் நெனச்சது தப்பா இருக்கணும்னுதான் கூட்டிட்டுப் போனேன். ரத்தம், படம் எல்லாம் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லிருவாங்கன்னு.”

எனக்குக் கோபம் வந்தது. நோயின் மேல் வரவேண்டிய கோபம் எல்லாம் அவர் மேல் வந்தது. துணைக்கு என்று சொல்லி அழைத்துப்போய், எனக்குத் தெரியாமலே என்னைச் சோதிக்க விட்டிருக்கிறார். “கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்ண்ணே. ஒடம்பு என்னோடது” என்றேன். அவர், தப்புதான் என்றார். வாதாடவில்லை. அது கோபத்தைக் கூட்டியது.

பேசக்கூடாது என்று முடிவு செய்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். ஆனால் நான்கு மணிக்கு மாத்திரை. ஐந்து வேளை மாத்திரை கொடுக்கும் வீட்டில் யாரும் மூன்று மணி நேரத்துக்கு மேல் சண்டை போட முடியாது. தண்ணீரும் மாத்திரையும் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, “நீயும் ஒக்காரு” என்றார். உட்கார்ந்தேன். இருவரும் அழுதோம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. இருவருக்கும் களைப்பாக இருந்தது. தட்டில் கிடந்த பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டோம்.

மகளிடம் நானே போனில் சொன்னேன். அந்த வாரமே ஜெனிஃபர் பினாங்கிலிருந்து வந்தாள். தனக்கும் அந்தச் சோதனை செய்ய வேண்டுமா என்று டாக்டர் சியாவிடம் போனில் கேட்டாள். அறிகுறி எதுவும் இல்லாத இளம் வயதுக்காரர்களுக்கு இதைச் செய்து பயனில்லை, தடுப்பதற்கு மருந்து வரும்போது பார்க்கலாம் என்றார். அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு எழுந்து, வாரத்தில் மூன்று நாள் வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை ஏற்பாடு செய்தாள். ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. இத்தனை வருடம் எல்லாவற்றையும் நானே செய்தது அன்பினால் மட்டுமா, வீம்பினாலா என்று இப்போது தெரியவில்லை.

உங்களிடமும் ஒருநாள் அந்தக் கட்டம் உள்ள படிவத்தை நீட்டலாம். என்ன செய்ய வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. தெரியாமலிருந்தால் இந்த இரண்டு வருடம் நிம்மதியாக இருந்திருப்பேன். தெரிந்ததால் தினமும் நடக்கிறேன், கைப்பயிற்சி செய்கிறேன், உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டேன். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழித்துவிட முடியவில்லை. ஆனால் தண்ணீர்ப் போத்தலைத் தேடிக்கொண்டே அடையாளம் போடாதீர்கள். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு வாரம் வைத்திருந்து முடிவெடுங்கள்.

ஆராய்ச்சியில் இப்போது நான் ஒப்பீட்டு ஆள் இல்லை. என் ஃபைலை வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டதாக மிஸ்ஸி ராணி சொன்னார். நோயாளிகளின் அலமாரியும் இல்லையாம், இரண்டுக்கும் நடுவில் ஒன்றாம். அங்கே என்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை நான் பார்த்ததில்லை. எங்கேயோ அவர்களும் கோப்பையை எடுக்கும்போது தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் தைக்கிறேன். நெருக்கமான கைவேலைகளை மட்டும் குறைத்துக்கொண்டேன். அண்ணனின் நகத்தை, உதவிக்கு வரும் பெண் வெட்டிவிடுகிறாள். முன்பு வருடங்களை வைத்து யோசிப்பேன். இந்தத் தீபாவளித் தையல், அடுத்த கிறிஸ்துமஸ் என்று. இப்போது இன்றைய நாளைத் தாண்டி நினைப்பு அதிகம் போவதில்லை. அது அமைதி என்று சொல்ல மாட்டேன். போகத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

மாலையில் மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து, இருவரும் வீட்டுக்குப் பக்கத்துத் திடலைச் சுற்றி வருகிறோம். முன்பெல்லாம் அவருக்காக நான் நடையைக் குறைத்துக்கொள்வேன். ஒவ்வோர் அடியிலும் என்னை நானே பிடித்து நிறுத்துவது எனக்குத் தெரியும். போன மாதம் ஒருநாள் பாதித் திடலில் நின்றுவிட்டேன். அன்று நான் எதையும் பிடித்து நிறுத்தவில்லை. இருவரும் ஒரே வேகத்தில் வந்துகொண்டிருந்தோம். அவருக்கு நல்ல நாளா, இல்லை என் நடைதான் குறைந்துவிட்டதா? நினைத்துப் பார்த்தேன். தெரியவில்லை.

அண்ணன் நாலடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் நின்னுட்ட?”

“சும்மாத்தாண்ணே.”

“வா. இன்னும் ரெண்டு சுத்து இருக்கு.”

போய் அவர் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன். இடது கையை நானாக வீசி நடந்தேன்.